கிராண்ட் பெட்டியில் பத்திரம். பெயர் பதிவேட்டில் பத்திரமா?

நம் வீடுகள் பலவற்றில் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னோ இரும்புப் பெட்டியோ இருக்கும். அதற்குள் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், தாத்தாவின் பழைய அடையாள அட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த நில கிராண்ட். "நிலம் எங்கே போகும்? கிராண்ட் நம் கையில்தானே இருக்கிறது" என்று பெரியவர்கள் நிம்மதியாகச் சொல்வார்கள்.

அந்த நிம்மதி பாதிதான் சரி. மலேசியாவில் ஒரு நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை முடிவு செய்வது வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாள் அல்ல. நில அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும் பெயர். தாள் பெட்டியில் பத்திரமாக இருக்கும்போதே, பதிவேட்டில் பெயர் மாறிப்போன வழக்குகளை நம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே விசாரித்திருக்கிறது.

அப்படியானால் அந்தப் பெயரை எழுதும் கைகள் யாருடையவை? அந்தக் கைகளை அரசாங்கம் எப்படிக் கண்காணிக்கிறது? கண்காணிப்பு தவறினால் உரிமையாளரின் கதி என்ன? நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

ஊர்ப் பத்திரமும் மலேசிய கிராண்டும்

தமிழகத்திலிருந்து வந்த மூத்த தலைமுறைக்கு நிலம் என்றாலே பத்திரம்தான். அங்கே பத்திரம் எழுதுபவர் எழுதுவார், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு நடக்கும். இந்தியாவின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி அங்கே பதிவாவது ஆவணம் மட்டுமே. விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அந்தப் பதிவு உத்தரவாதம் தராது. அதனால்தான் அங்கே தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று முப்பது ஆண்டுக் கதையைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறார்கள்.

மலேசியாவின் முறை வேறு. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் கொண்டு வந்த நிலப் பதிவு முறையைத்தான் நாம் பின்பற்றுகிறோம். இதில் பதிவாவது உரிமையே. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை; பதிவேட்டைப் பார்த்தால் போதும். வாங்குபவருக்கும் வங்கிக்கும் இது பெரிய வசதி.

ஆனால் வசதிக்கு ஒரு விலையும் உண்டு. பதிவேடே எல்லாம் என்று ஆகும்போது, பதிவேட்டில் கை வைக்கும் ஒருவர் தவறு செய்தால் அந்தத் தவறும் உரிமையாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே இந்த முறையில் பதிவாளர் மீதான கண்காணிப்பு மற்ற நாடுகளைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

எழுதுவது யார்? பதிவது யார்?

அண்டை நாடான இந்தோனேசியாவில் நிலப் பத்திரம் தயாரிப்பதற்கென்றே அரசாங்கம் தனி அதிகாரிகளை நியமிக்கிறது. 'பெஜாபாட் பெம்புவாட் அக்தா தானா' என்பது அவர்களின் பெயர். அவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பு நில அமைச்சிடம் இருக்கிறது.

மலேசியாவில் அப்படி ஒரே அதிகாரி கிடையாது. இங்கே வேலை பலர் கைகளில் பிரிந்து கிடக்கிறது.

முதலாவது, ஆவணம் தயாரிப்பவர். தேசிய நிலச் சட்டம் நில மாற்றத்துக்குப் பாரம் 14ஏ, நிலத்தை வங்கியில் ஈடு வைப்பதற்குப் பாரம் 16ஏ என்று படிவங்களை வரையறுத்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் இவற்றை நிரப்பித் தயாரிப்பவர் வழக்கறிஞர்.

இரண்டாவது, கையெழுத்துக்குச் சாட்சி. விற்பவர் போடும் கையெழுத்து, சட்டம் அங்கீகரித்த ஒருவர் முன்னிலையில் போடப்பட வேண்டும். வழக்கறிஞர், மாஜிஸ்திரேட், நில அதிகாரி போன்றோர் அந்தப் பட்டியலில் உள்ளனர். கையெழுத்து உண்மையானது, போட்டவர் வயது வந்தவர், சுயநினைவோடும் சொந்த விருப்பத்தோடும் போட்டார் என்று அந்தச் சாட்சி உறுதி கூற வேண்டும். முழு முறையும் இந்த ஒரு வரியின் மீதுதான் நிற்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

மூன்றாவது, முத்திரை வரி. ஆவணம் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரையிடப்பட்ட பிறகே பதிவுக்குப் போக முடியும்.

நான்காவது, பதிவாளர். நகர நிலம், கிராம நிலம், நான்கு ஹெக்டருக்கு மேற்பட்ட நாட்டுப்புற நிலம் ஆகியவை மாநில நில, கனிமவள இயக்குநர் அலுவலகத்தில் பதிவாகின்றன. நான்கு ஹெக்டருக்கு மிகாத நாட்டுப்புற நிலங்கள் மாவட்ட நில அலுவலகத்தில் பதிவாகின்றன. ஆவணம் வந்து சேர்ந்த தேதியும் நேரமும் குறிக்கப்படும். அது பதிவுக்குத் தகுந்ததா என்று பதிவாளர் பார்ப்பார். சரியாக இருந்தால் பதிவேட்டில் புதிய பெயர் ஏறும். ஆவணம் வந்து சேர்ந்த அந்த நேரத்திலிருந்தே பதிவு செல்லுபடியாகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதிவாளர் பார்ப்பது தாளை. படிவம் சரியா, முத்திரை இருக்கிறதா, சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா, கிராண்ட் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையே அவர் சரிபார்க்கிறார். நிலத்தை விற்றவரின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. எல்லாத் தாளும் ஒழுங்காக இருந்தால், உள்ளே இருப்பது பொய்யாக இருந்தாலும் பதிவு நடந்துவிடக்கூடும்.

தஞ்சோங் பூங்காவில் நடந்தது

இதற்குச் சிறந்த உதாரணம் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் இருந்த இரண்டு நிலங்கள். தாய்லாந்தைச் சேர்ந்த பூன்சோம் பூன்யானிட் என்ற மாது அவற்றின் பதிவு பெற்ற உரிமையாளர். நிலம் இங்கே, அவர் வசித்தது அங்கே.

1988இல் அவருடைய பெயரில் வேறொரு பெண் கிளம்பினார். கிராண்ட் தொலைந்துவிட்டது என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் கொடுத்து மாற்றுக் கிராண்டைப் பெற்றுக்கொண்டார். பெயரில் இருந்த வேறுபாட்டுக்கு இன்னொரு சத்தியப் பிரமாணம் வந்தது. கையில் போலிக் கடப்பிதழும் இருந்தது. 1989 மே மாதத்தில் அந்த நிலங்கள் அடோர்னா என்ற சொத்து நிறுவனத்தின் பெயரில் பதிவாகிவிட்டன. நிறுவனம் பணம் கொடுத்துத்தான் வாங்கியது. மோசடி அதற்குத் தெரியாது.

உண்மையான உரிமையாளர் நீதிமன்றம் போனார். 1995இல் உயர் நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலம் அவருக்கே சொந்தம் என்றது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கையெழுத்து போலியாகவே இருந்தாலும், நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவரின் உரிமை அசைக்க முடியாதது என்று கூறிவிட்டது.

ஒரு கையெழுத்தும் போடாத உரிமையாளர் நிலத்தை இழந்தார். இந்தத் தீர்ப்பு வழக்கறிஞர்களிடையேயும் சட்டப் பேராசிரியர்களிடையேயும் பெரும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஒரு போலி அடையாள ஆவணமும் இரண்டு சத்தியப் பிரமாணங்களும் இருந்தால் யாருடைய நிலத்தையும் விற்றுவிடலாமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது.

குவாந்தான் வழக்கு: இருபத்தைந்து ஆண்டுகள்

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. பகாங், குவாந்தானில் டான் யிங் ஹோங் என்பவரின் பெயரில் ஒரு நிலம் இருந்தது. வேறொருவர் போலியான அதிகாரப் பத்திரம் ஒன்றைக் காட்டி, அந்த நிலத்தை ஒரு வங்கியில் ஈடு வைத்தார். அந்த ஈட்டின் பேரில் ஒரு நிறுவனம் 300,000 வெள்ளி கடன் பெற்றது. 1985இல் கடனைக் கட்டச் சொல்லி வங்கியின் கடிதம் வந்த பிறகுதான் டான் யிங் ஹோங்குக்கு விஷயமே தெரிந்தது.

வழக்கு உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் தோற்றது. அடோர்னா தீர்ப்பு குறுக்கே நின்றது. 2010 ஜனவரி 21ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அடோர்னா தீர்ப்பு தவறானது என்று அறிவித்து டான் யிங் ஹோங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

வங்கிக் கடிதம் வந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் இருபத்தைந்து ஆண்டுகள். நீதி கிடைத்தது, ஆனால் ஒரு மனிதரின் வாழ்நாளில் கால் நூற்றாண்டு அதற்குச் செலவாயிற்று. பினாங்கு நிலமோ திரும்பவே இல்லை. 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு சட்டத்தைத் திருத்தியதே தவிர, தஞ்சோங் பூங்கா நிலத்தை அதன் பழைய உரிமையாளரிடம் கொண்டு சேர்க்கவில்லை.

இரண்டாவது விற்பனை என்னும் அபாயம்

2010க்குப் பிறகு கவலை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீரவில்லை. தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவை எளிமையாகச் சொன்னால் நிலைமை இதுதான்.

மோசடிக்காரன் போலிக் கையெழுத்தின் மூலம் ஒருவருக்கு நிலத்தை விற்கிறான். அந்த முதல் வாங்குநர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், உண்மையான உரிமையாளர் வழக்குப் போட்டு நிலத்தைத் திரும்பப் பெறலாம். 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு உறுதி செய்தது இதைத்தான்.

ஆனால் அந்த முதல் வாங்குநர், விஷயம் வெளியே வருவதற்குள் நிலத்தை இன்னொருவருக்கு விற்றுவிட்டால்? அந்த இரண்டாவது வாங்குநர் எதுவும் அறியாமல், நல்லெண்ணத்தோடு, உரிய விலை கொடுத்து வாங்கியிருந்தால் சட்டம் அவரைப் பாதுகாக்கும். உண்மையான உரிமையாளரால் நிலத்தைத் திரும்பப் பெற முடியாது. மோசடி செய்தவனைத் தேடிப் பிடித்து நஷ்டஈடு கேட்க வேண்டியதுதான்.

இங்கேதான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. மோசடி நடந்ததா என்பது மட்டும் முக்கியமல்ல. அது எப்போது தெரிய வந்தது என்பது அதைவிட முக்கியம். முதல் விற்பனைக்கும் இரண்டாவது விற்பனைக்கும் இடையில் உரிமையாளர் விழித்துக்கொண்டால் நிலம் தப்பும். அதற்குப் பிறகு விழித்தால் வழக்கு மட்டுமே மிஞ்சும்.

கண்காணிப்பவர்கள் யார் யார்?

இனி அரசாங்கத்தின் பக்கம் வருவோம். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின்படி நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ளது. எனினும் எல்லா மாநிலங்களிலும் ஒரே மாதிரி நடைமுறை இருக்க வேண்டும் என்பதற்காக நாடாளுமன்றம் 1965இல் தேசிய நிலச் சட்டத்தை இயற்றியது. 1966 ஜனவரி 1ஆம் தேதி முதல் அது தீபகற்ப மலேசியாவில் அமலில் இருக்கிறது. இன்று திருத்திய பதிப்பில் அது 828ஆம் சட்டம். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனி நிலச் சட்டங்கள் உண்டு.

எனவே முதல் கண்காணிப்பாளர் மாநில அரசாங்கம். மாநில நில, கனிமவள இயக்குநர், பதிவாளர், மாவட்ட நில நிர்வாகி ஆகியோரை நியமிப்பது மாநிலம்தான். கீழ் அதிகாரிகளின் பணியை இயக்குநர் மேற்பார்வை செய்கிறார். கூட்டரசு அளவில் நில, கனிமவளத் தலைமை இயக்குநர் துறை ஆலோசனையும் பயிற்சியும் வழங்கி, சட்டம் எங்கும் ஒரே சீராக நடக்கிறதா என்று கவனிக்கிறது.

அடுத்தது ஒழுங்கு நடவடிக்கை. அரசு ஊழியர் கடமையில் தவறினால் எச்சரிக்கை, அபராதம், சம்பளக் குறைப்பு, பதவியிறக்கம், பணிநீக்கம் வரை தண்டனைகள் உண்டு. கூட்டரசு ஊழியர்களுக்கு இது 1993ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிகளில் இடம்பெற்றுள்ளது.

லஞ்சம் கலந்திருந்தால் விஷயம் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்திடம் போகும். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் லஞ்சம் வாங்குவதோடு, தலைமையை ஏமாற்றும் நோக்கில் பொய்யான ஆவணம் பயன்படுத்துவதையும், பதவியைப் பயன்படுத்தி ஆதாயம் தேடுவதையும் குற்றமாக்குகிறது. கையெழுத்துப் போலி, ஆள்மாறாட்டம் போன்றவை குற்றவியல் சட்டத்தின் கீழ் காவல்துறையின் வாணிகக் குற்றப் புலனாய்வுத் துறைக்குரியவை.

ஆவணம் தயாரிக்கும் வழக்கறிஞரைக் கண்காணிக்க 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் இயங்கும் ஒழுங்கு நடவடிக்கை வாரியம் அபராதம் விதிக்கலாம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை போடலாம், பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். வழக்கறிஞரின் நேர்மையின்மையால் பணத்தை இழந்தவருக்கு உதவ அதே சட்டத்தில் ஓர் இழப்பீட்டு நிதியும் உண்டு.

கடைசியாக நீதிமன்றம். பதிவாளரோ நில நிர்வாகியோ எடுத்த முடிவால் பாதிக்கப்பட்டவர், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தில் முறையீடு செய்யலாம் என்று 418ஆம் பிரிவு கூறுகிறது. மூன்று மாதம் என்பதைப் பலர் தெரிந்துகொள்வது நான்காவது மாதத்தில்தான்.

இவற்றோடு கணினியும் சேர்ந்துகொண்டது. 1992இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் கணினிப் பதிவுக்கு வழிவிட்டது. பின்னர் பினாங்கை முன்னோடியாகக் கொண்டு 'இ-தானா' திட்டம் வந்தது. பழைய பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து வேறு பக்கம் சொருகுவது போன்ற வேலைகளுக்குக் கணினி முறை இடம் குறைத்திருக்கிறது.

கண்காணிப்பு எட்டாத இடம்

இத்தனை காவல் இருந்தும் ஓட்டை எங்கே? மூன்று இடங்களைச் சொல்லலாம்.

முதலாவது, இந்தக் காவலில் பெரும்பகுதி தவறு நடந்த பிறகே விழிக்கிறது. ஒழுங்கு விசாரணையாகட்டும், ஊழல் விசாரணையாகட்டும், யாராவது புகார் கொடுத்தால்தான் தொடங்கும். அதிகாரி தண்டிக்கப்படுவது நியாயம்தான். ஆனால் அதனால் பதிவேட்டில் பெயர் தானாகத் திரும்பி வந்துவிடாது. அதற்குத் தனியாக நீதிமன்ற உத்தரவு வேண்டும். கணினியும் அப்படித்தான். பொய்யான ஆவணம் உள்ளே போனால், அந்தப் பொய்யை அது அழகாக அச்சிட்டுத் தரும்.

இரண்டாவது, அதிகாரிகளுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு. தேசிய நிலச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்த அதிகாரி மீது சிவில் வழக்குத் தொடர முடியாது. இதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் சொந்தப் பணத்திலிருந்து பொறுப்பேற்க வேண்டும் என்றால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டார். ஆனால் ஏமாற்றப்பட்ட உரிமையாளருக்கு இது ஒரு கதவு அடைபட்ட மாதிரி.

மூன்றாவது, இழப்பீட்டு நிதி இல்லாதது. டோரன்ஸ் முறையைப் பின்பற்றும் பல இடங்களில், பதிவு முறையின் தவறால் நிலத்தை இழந்தவருக்கு ஈடு கொடுக்க ஒரு நிதி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய மாநிலங்களில் இருக்கிறது. சிங்கப்பூரின் நில உரிமைச் சட்டத்திலும் இருக்கிறது. மலேசியாவின் தேசிய நிலச் சட்டத்தில் அப்படிப்பட்ட நிதி இல்லை. பதிவேடு சொல்வதே இறுதி என்று அரசாங்கம் சொல்லும்போது, பதிவேடு தவறினால் அதன் பாரத்தைத் தனிமனிதன் தலையில் வைப்பது சரியா என்ற விவாதம் நெடுநாளாக இருந்து வருகிறது. பதிவுக் கட்டணத்திலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே அதற்கு வழி பிறக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எந்த நிலத்தைக் குறி வைக்கிறார்கள்?

மோசடிக்காரன் எல்லா நிலத்தையும் தொடுவதில்லை. உரிமையாளர் கவனிக்காத நிலம்தான் அவனுக்குப் பிடித்தமானது. உரிமையாளர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் நிலம், வங்கிக் கடன் இல்லாத காலி நிலம், உரிமையாளர் இறந்து பல ஆண்டுகளாகியும் பெயர் மாற்றப்படாத நிலம். தஞ்சோங் பூங்கா வழக்கிலும் உரிமையாளர் வெளிநாட்டில்தான் இருந்தார்.

மூன்றாவது வகை நம் சமூகத்தில் அதிகம். அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ நிலம் அப்படியே கிடக்கும். "பிள்ளைகளுக்குள் பேசி முடிவு செய்து பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவார்கள். பேச்சு முடிவதற்குள் அடுத்த தலைமுறை பிறந்து, பங்காளிகள் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும்.

இன்னொரு சிக்கல் பெயர். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கிராண்டில் இன்னொன்று. முனியாண்டி ஓர் இடத்தில் முனியாண்டியாகவும் இன்னோர் இடத்தில் முனியாடியாகவும் இருப்பார். பெயர் வேறுபட்டாலும் ஆள் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்வது நம்மவருக்குப் பழக்கமான நடைமுறை. பினாங்கு ஆள்மாறாட்டமும் இதே வழியைத்தான் பயன்படுத்தியது. உயிரோடு இருக்கும்போதே பெயரைச் சரிசெய்து வைத்தால், அந்த வழியில் வேறொருவர் நுழைய முடியாது.

இறந்தவரின் நிலத்தை மாற்றுவது எல்லா நேரமும் உயர் நீதிமன்ற வேலையல்ல. 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ், உயில் இல்லாமல் நிலத்தை விட்டுச் சென்றவரின் சொத்தை மாவட்ட நில அலுவலகத்திலேயே பங்கிட விண்ணப்பிக்கலாம். முன்பு இதற்கு 20 லட்சம் வெள்ளி மதிப்பு வரம்பாக இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த வரம்பை 50 லட்சம் வெள்ளியாக உயர்த்தியது. சாதாரணக் குடும்பங்களின் நிலங்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

உரிமையாளர் செய்ய வேண்டியது

அரசாங்கத்தின் காவல் தாமதமாக விழிக்கும் என்றால், முதலில் விழிக்க வேண்டியவர் உரிமையாளரே. அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. பெரும் செலவும் இல்லை.

'சாரியான்' எனப்படும் பதிவேட்டுத் தேடலை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். கிராண்டில் உள்ள எண்ணைக் கொடுத்தால், சிறு கட்டணத்தில் இன்றைய உரிமையாளர் யார், ஈடு இருக்கிறதா, தடை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். 'சாரியான் பெர்செண்டிரியான்' என்பது தனிப்பட்ட தேடல். 'சாரியான் ரஸ்மி' என்பது அலுவலகம் சான்றளிக்கும் தேடல். நிலவரி ஒவ்வோர் ஆண்டும் மே 31ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதால், வரி கட்டும் அதே நாளில் தேடலையும் செய்துகொள்வது நல்ல பழக்கம்.

முகவரியை மாற்றி வைக்க வேண்டும். நில அலுவலகத்தின் அறிவிப்பு, பத்து ஆண்டுக்கு முன் காலி செய்த தோட்ட வீட்டுக்குப் போனால் யாருக்கும் பயனில்லை. நிலவரி ரசீது வழக்கம்போல் வரவில்லை என்றாலோ, வேறு பெயரில் வந்தாலோ அதை முதல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்.

வெற்றுத் தாளிலோ நிரப்பாத பாரத்திலோ கையெழுத்துப் போடக்கூடாது. அதிகாரப் பத்திரம் கொடுக்க நேர்ந்தால் எந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கிராண்டின் நகலையும் அடையாள அட்டையின் நகலையும் கேட்பவருக்கெல்லாம் ஒன்றாகக் கொடுத்து வைப்பதும் ஆபத்து.

மோசடி நடந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், மணிக்கணக்குதான் பார்க்க வேண்டும், மாதக்கணக்கு அல்ல. முதலில் போலீஸ் புகார். அந்தப் புகாரின் நகலோடு நில அலுவலகம் சென்று, 320ஆம் பிரிவின் கீழ் 'பதிவாளர் கேவியட்' போடும்படி எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். மோசடியைத் தடுக்கப் பதிவாளருக்கு இந்த அதிகாரம் உண்டு. கேவியட் ஏறிவிட்டால் அது நீக்கப்படும் வரை நிலம் கைமாற முடியாது. இரண்டாவது விற்பனை என்ற அபாயத்துக்குப் போடும் பூட்டு இதுதான்.

நிலத்தில் உரிமை கோரும் மற்றவர்கள், உதாரணமாக முன்பணம் கட்டிய வாங்குநர், பாரம் 19பி மூலம் தனியார் கேவியட் போடலாம். அது ஆறு ஆண்டு வரை நிற்கும். அதற்குப் பிறகு வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத் தடையுத்தரவு பெறுவதும், பதிவை ரத்து செய்ய வழக்குத் தொடுப்பதும் அடுத்தடுத்த படிகள்.

அதிகாரி லஞ்சம் கேட்டாலோ, உள்ளிருந்தே உதவி நடந்தது என்று நம்பக் காரணம் இருந்தாலோ ஊழல் தடுப்பு ஆணையத்தின் 1-800-88-6000 என்ற இலவச எண்ணுக்குத் தகவல் தரலாம். வேலை தாமதம், அலட்சியம் போன்றவற்றுக்குப் பொதுப் புகார்ப் பிரிவு இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டினாலும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். கவுண்டரில் வாய்வார்த்தையாகச் சொன்ன புகாருக்குச் சாட்சி கிடையாது.

நில அலுவலகங்களில் நேர்மையாக வேலை செய்யும் ஊழியர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். சந்தேகப்பட்ட ஆவணத்தைத் திருப்பி அனுப்பி, உரிமையாளருக்கே தெரியாமல் அவருடைய நிலத்தைக் காப்பாற்றியவர்களும் அவர்களில் இருப்பார்கள். ஆனால் நல்ல அதிகாரியை நம்பி மட்டும் ஒரு முறை நடக்க முடியாது.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் பறிபோகும் பயத்தில் நம் பாட்டாளிகள் இருந்தார்கள். சிறுகச் சிறுகப் பணம் கட்டினால் சொந்தமாக மண் கிடைக்கும் என்பதைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள். அப்படி வியர்வை சிந்தி வாங்கிய நிலம் எத்தனையோ குடும்பங்களின் பெட்டிக்குள் இன்று தாளாக மடிந்து கிடக்கிறது.

அந்தப் பெட்டியை இந்த வாரம் ஒரு முறை திறந்து பார்க்கலாம். கிராண்டில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் நில அலுவலகத்துக்குப் போய் ஒரு சாரியான் எடுக்கலாம். பெயர் அப்படியே இருந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம். மாறியிருந்தால், இன்னும் நேரம் இருக்கும்போதே தெரிந்துகொண்டோம் என்ற ஆறுதலாவது மிஞ்சும்.